கையளிக்காமல் போன பீடாதிபதி

வாவிக்கரைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரைப் பீடாதிபதிக் கதிரையில் இருத்துவது கடினம். இருந்தவரை எழுப்புவது அதைவிடக் கடினம். பேராசிரியர் கச்சி முகம்மது இந்த இரண்டாவது கடினத்தைத் தன்பாட்டில் தீர்த்துவைத்தார். ஒரு திங்கட்கிழமை காலை, ஏறாவூரில் தன் வீட்டுக் குளியலறை வாசலில், தோளில் துவாயோடு விழுந்தவர் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். பதவிக்காலம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. பல்கலைக்கழகம் வருத்தப்பட்டது அதற்காகத்தான்.

அன்று உபவேந்தர் கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தான் வந்து இறுதி உரை ஆற்றும்வரை ஜனாஸாவை வைத்திருக்கும்படி சொல்லியனுப்பினார். பள்ளிவாசல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மையித்தைக் காக்கவைக்க முடியாது, உபவேந்தர் வேண்டுமானால் காத்திருக்கட்டும் என்று சொல்லி அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். உபவேந்தர் வந்து இறங்கியபோது மையவாடியில் சில ஆடுகளும் ஒலிபெருக்கிக்காரனும்தான் நின்றார்கள். அவர் மனம் தளரவில்லை. எழுதிக் கொண்டுவந்த உரையை ஆடுகளுக்கு முழுவதுமாக வாசித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் பதிவாளர் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பீடாதிபதி அறைச் சாவியை வெள்ளித் தட்டில் வைத்துப் புதியவர் கையில் கொடுக்கவேண்டும், உபவேந்தர் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்குப் பெயர் கையளிப்பு. கச்சி முகம்மது அப்படி ஒன்றையும் கையளிக்கவில்லை.

"அன்னார் காலமானதை இந்நிறுவனம் ஆழ்ந்த துயரத்துடன் ஏற்றுக்கொள்கிறது" என்றார் பதிவாளர். "ஆனால் அன்னார் பதவியிலிருந்து விலகியதை ஏற்றுக்கொள்ள முடியாதிருக்கிறது. அதுபற்றி அன்னார் எமக்கு எதுவும் அறிவிக்கவில்லை."

ஆக, ஊருக்கு அவர் மௌத்து. பல்கலைக்கழகத்துக்கு அவர் இன்னும் கடமையில் இருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது அவருடைய மனைவி ஸைனம்பு.

ஸைனம்புவுக்குப் பீடாதிபதி என்றால் என்ன வேலை என்று கடைசிவரை பிடிபடவில்லை. வெள்ளைச் சேர்ட்டை அழுத்திக் கொடுத்தால் போட்டுக்கொண்டு போவார், பின்னேரம் களைத்து வருவார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கூட்டம் என்பார். கூட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அடுத்த கூட்டத்துக்குத் திகதி வைத்தோம் என்பார். அவளுக்குத் தெரிந்த கச்சி முகம்மது வேறு ஆள். தேங்காய் துருவித் தருவார், முற்றம் கூட்டுவார், மீன் வாங்கி வந்து சட்டியில் போடுவார். எதைச் செய்தாலும் செய்து முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "காணுமா புள்ள?" என்று கேட்பார். போதும் என்பதற்கு அவர்கள் சொல் அது. அவள் "காணும்" என்று சொன்னால்தான் மனிதருக்கு நிம்மதி.

அவள் இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது, பிற ஆண்கள் முன்னால் வரக்கூடாது. தங்கை அஸீமா வந்து கூட இருந்தாள். வீட்டின் முன்மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரையைக் கட்டினாள். துக்கம் விசாரிக்க வரும் ஆண்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் பகல், சோறு ஆக்கி இறக்கியவுடன், ஸைனம்புவின் கை தானாகத் தொலைபேசியை எடுத்துப் பீடாதிபதி அலுவலகத்துக்கு அழைத்துவிட்டது. சீனி வருத்தக் குளிசையை விழுங்கினாரா என்று கேட்க அவள் தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் அப்படி அழைப்பது வழக்கம். மணி அடித்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது. வைக்கப்போனாள். அதற்குள் மறுமுனை எடுபட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இது கலை, பண்பாட்டுப் பீடாதிபதி அலுவலகம். நான் பேராசிரியர் கச்சி முகம்மது. இப்போது உங்களுடன் பேச முடியாதிருக்கிறேன். தயவுசெய்து பிறகு அழையுங்கள்."

ஆள் இல்லாத நேரத்தில் பேசுவதற்காக அலுவலகத் தொலைபேசியில் பதிந்து வைத்த குரல். அது முடிந்ததும் ஒரு சின்ன இருமல். பிறகு, நிறுத்தும் பொத்தானை அமர்த்த நின்ற செயலாளர் பிள்ளையிடம் கேட்டது, தெரியாமல் அதுவும் பதிவாகிவிட்டது: "காணுமா புள்ள?"

ஸைனம்பு வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். "காணும்" என்று தொலைபேசிக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அலுவலகத்தார் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அழைப்பாள், கேட்பாள், பதில் சொல்வாள், பிறகுதான் சாப்பிடுவாள். கட்டாரில் இருக்கும் மகள் இன்ஷிராவுக்கு இது தெரியவந்தபோது, "உம்மா, அத உங்கட போன்ல ரெக்கோட் பண்ணி வெச்சிக்கங்க, எப்பயும் கேக்கலாம். நான் சொல்லித் தாறன்" என்றாள்.

"வேணாம் மகள்" என்றாள் ஸைனம்பு. "ரெக்கோட் பண்ணி வெச்சா அது மௌத்தான ஆள்ர குரல். இப்ப வாப்பா கந்தோர்ல வேலயில இரிக்கார். பேச நேரமில்லாம இரிக்கார், அவ்வளவுதான்."

இன்ஷிரா மறுமுனையில் அழுதாள். ஸைனம்பு அவளை ஆறுதல்படுத்தி வைத்தாள்.

இதற்கிடையில் பீடச்சபை புதிய பீடாதிபதியைத் தெரிவுசெய்யக் கூடியது. போட்டியில் மூன்று துறைத் தலைவர்கள். வரலாற்றுத் துறைக்குப் பேராசிரியர் இளையதம்பி, புவியியலுக்குப் பேராசிரியர் ஸாஹிர், மொழித் துறைக்குக் கலாநிதி பிரஷாந்தி. வாக்குகள் மூவருக்கும் சரிசமமாக விழுந்தன. மீண்டும் வாக்கெடுத்தார்கள், மீண்டும் சரிசமம். ஒவ்வொருவரிடமும் ஒரு உதவி வாங்கியிருந்த சபை உறுப்பினர்கள் மிகுந்த நேர்மையோடு கணக்குத் தீர்த்திருந்தார்கள்.

உபவேந்தர் எழுந்தார். "ஜனநாயகம் தன் கடமையைச் செய்துவிட்டது. இனி நாம் பாரம்பரியத்திடம் போவோம். மறைந்த பீடாதிபதி யாரைத் தன் வாரிசாக மனத்தில் நினைத்திருந்தார் என்பதை அறிய வேண்டும். மறைந்தவர்களின் கருத்துக்கு மதிப்பளிப்பதே அறிவுடைமை. இருப்பவர்களின் கருத்தைக் கேட்டு நான் மிகவும் களைத்துப்போயிருக்கிறேன்."

மறுநாளே பேராசிரியர் இளையதம்பி ஏறாவூருக்கு வந்தார். மண்டூர்க்காரர், கையில் எருமைத் தயிர்ச் சட்டி. முன்மண்டபத்தில் கதிரை போட்டார்கள். திரையைப் பார்த்து இருந்துகொண்டு, வகுப்பெடுப்பதுபோல் மரணத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். உபவேந்தரின் பெயர் வந்த இடங்களில் மரியாதைக்கு எழும்பி எழும்பி இருந்தார்.

"தங்கச்சி, கச்சி முகம்மது சேரும் நானும் கூடப்பிறந்த ஆக்கள் மாதிரி" என்றார் கடைசியில். "இந்த நேரத்தில கேக்கக் கூடாது, எண்டாலும் கேக்கன். சேர் என்னப் பத்தி ஏதும் சொன்னவரா?"

கச்சி முகம்மது இளையதம்பியைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கூட்டத்தில் மனுசன் விடும் குறட்டைக்கு நேரம் போவது தெரிவதில்லை என்பது. தயிர் கொண்டுவந்த ஆளிடம் அதைச் சொல்ல முடியுமா?

"ஓம் சேர். உங்கட பேர அடிக்கடி சொல்லுவார்."

"அடுத்த ஆள் நான்தான் எண்டு சொன்னவரோ?"

ஸைனம்பு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் திரை மேலும் கீழுமாக அசைந்தது. பேராசிரியர் அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் றிஸ்லா வந்தாள். பீடாதிபதி அலுவலகச் செயலாளர் அவள்தான், அந்தப் பொத்தானை அமர்த்தியவள். பொம்பிளைப் பிள்ளை என்பதால் திரைக்கு உள்ளே வந்து ஸைனம்புவின் காலடியில் பாயில் இருந்தாள்.

"மாமி, இளையதம்பி சேரத்தான் போடப் போறாங்களாம். அவருக்குத்தான் நம்மட சேர் சொன்னவர் எண்டு நீங்க சொல்லிட்டீங்களாம்."

"நான் எங்க சொன்ன? திரைதான் சொல்லிச்சி."

றிஸ்லா சிரிக்கவில்லை. "பகல்ல கோல் எடுக்கிறது நீங்கதான் எண்டு எனக்குத் தெரியும் மாமி. நான் அவடத்ததான் இருந்து சாப்பிடுற. எடுக்காம உட்டுட்டு இரிக்கன், சேர் பேசட்டும் எண்டு." பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். "புது டீன் வந்தா முதல் நாளே பேர்ப் பலக, சீல், போன்ல குரல், எல்லாம் மாத்தணும். அப்பிடிச் சுற்றுநிருபம் இரிக்கி. பதில் டீன்மார் எண்டு தற்காலிகமா வாறவங்க மாத்தக் கூடாது. நிரந்தரமா வாறவர்தான் மாத்துவார்."

ஸைனம்புவுக்கு அன்றுதான் பீடாதிபதி பதவியின் முழு முக்கியத்துவமும் விளங்கியது. அந்தக் கதிரையில் ஒருவர் நிரந்தரமாக இருந்தால் அவளுடைய புருசன் கந்தோரிலிருந்து போய்விடுவார். ஒருவரும் இராவிட்டால் அவர் இருப்பார். இதைவிடத் தெளிவான காரணத்தோடு அந்தப் பதவியைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்தில் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காத்தான்குடியிலிருந்து பேராசிரியர் ஸாஹிர் அல்வாப் பெட்டியோடு வந்தார். திரைக்கு ஸலாம் சொன்னார். அவர் கேள்வியை முடிக்கவில்லை.

"ஓம் சேர்" என்றாள் ஸைனம்பு. "உங்களத்தான் சொன்னவர்."

"ராத்தா, இளையதம்பி சேருக்குச் சொன்னதா ஒரு கத அடிபடுது."

"அது அவர் கேட்டதுக்கு. இது நான் சொல்றது."

ஸாஹிர் பூரித்துப்போய் எழும்பினார். அன்று பின்னேரமே பீடச்சபைக்கு ஆட்சேபனை போயிற்று, நியமனம் தள்ளிப்போயிற்று. அடுத்த நாள் பகல் ஸைனம்பு தொலைபேசியை எடுத்தபோது கச்சி முகம்மது வழமைபோலப் பேச நேரமில்லாமல் இருந்தார். அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்றாவதாக வந்த கலாநிதி பிரஷாந்தி கஷ்டம் கொடுத்தாள். அவள் பெண். நேரே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து ஸைனம்புவைக் கட்டிப்பிடித்து அழுதாள். கச்சி முகம்மதுவிடம் படித்தவள். பொய்யான அழுகை இல்லை என்பது தோள் நனைந்ததில் தெரிந்தது. திரைக்குப் பொய் சொல்வது லேசு. முகத்துக்கு?

"அக்கா, எனக்குப் பதவி எல்லாம் வேணாம்" என்றாள் பிரஷாந்தி. "சேர் என்ன ஒரு ஆளா நினைச்சவரா எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்."

"உன்னத்தான் மனே சொன்னவர்" என்றாள் ஸைனம்பு. அந்தப் பிள்ளை மட்டும் அதைக் கேட்டுவிட்டுச் சந்தோசமாகப் போகவில்லை, அமைதியாகப் போனாள். அன்றிரவு தொழுகையில் ஸைனம்பு நெடுநேரம் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. அவளுக்கு அவர் வேண்டும்.

ஸாஹிரும் இளையதம்பியும் அதுவரை பேசிக்கொள்ளாதவர்கள். இப்போது இருவரும் சேர்ந்து ஒரு முறைப்பாடு கொடுத்தார்கள். திரைக்கு உள்ளே போகும் வசதி ஒரு வேட்பாளருக்கு மட்டும் கிடைத்தது சமவாய்ப்புக் கொள்கைக்கு முரணானது என்று. அதை ஆராய ஒரு உபகுழு அமைந்தது. உபகுழுவுக்குத் தலைவர் யார் என்பதில் பிணக்கு வந்தது.

அதுவரைக்கும் மூவரும் மாறி மாறிப் பதில் பீடாதிபதியாக இருக்கட்டும் என்று உபவேந்தர் தீர்த்துவைத்தார். அதோடு அந்த வளாகத்தில் கல்வி என்ற சில்லறை வேலை ஓய்ந்தது. பதில் பீடாதிபதி ஒருவர் வந்தால் வரவேற்பு, போனால் பிரியாவிடை, இரண்டுக்கும் மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு, குர்ஆன் கிராஅத், தேவாரம். விரிவுரை எப்போது என்று கேட்பதை மாணவர்கள் விட்டுவிட்டார்கள். வரவேற்பு எப்போது என்றுதான் கேட்டார்கள், அன்று தின்னப் பற்றீஸ் கிடைக்கும். பதாகையில் வரவேற்போம் என்ற சொல் அப்படியே இருக்க, பெயரை மட்டும் ஒட்டி ஒட்டிக் கழற்றினார்கள். ஒருமுறை ஸாஹிருக்குக் காய்ச்சல், பிரஷாந்தி வர மறுத்துவிட்டாள், போகிறவரும் இளையதம்பி, வருகிறவரும் இளையதம்பி என்று ஆகிவிட்டது. நிகழ்ச்சி நிரலை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அவருக்குப் பிரியாவிடை கொடுத்து, ஒரு கதவால் வெளியே அனுப்பி, மறு கதவால் மாலையோடு வரவேற்றார்கள்.

"எனக்கு முன்னிருந்தவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது எளிதல்ல" என்றார் இளையதம்பி, குரல் தழுதழுக்க. "அவருடைய தன்னலமற்ற சேவையை நான் அருகிலிருந்து பார்த்தவன்."

இதையெல்லாம் றிஸ்லா வந்து சொல்லும்போது அஸீமா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஸைனம்பு சிரித்துவிட்டு, "நிரந்தரமா ஒருத்தரையும் போடல்லதானே?" என்று கேட்பாள். இல்லை என்று தெரிந்ததும் எழும்பிப் போய் அடுப்பு வேலையைப் பார்ப்பாள்.

ஆனால் எந்தக் கூத்துக்கும் ஒரு முடிவு உண்டே. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. உபவேந்தர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார், அதன் பெயர் மறைந்த பீடாதிபதியின் மனவிருப்பத்தைக் கண்டறியும் குழு. சாட்சி இத்தாவில் இருப்பதால் சாட்சியிடம் குழுவே போகும் என்று தீர்மானமாயிற்று. ஒரு புதன்கிழமை மூன்று வாகனங்கள் ஏறாவூர்த் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. முன்மண்டபத்தில் உபவேந்தர், பதிவாளர், மூன்று வேட்பாளர்கள். பிரஷாந்தியும் சமவாய்ப்புக்காகத் திரைக்கு வெளியேதான் இருக்கவேண்டும் என்று கட்டளை.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "முதலாவது பிரச்சினை. திரைக்குப் பின்னால் இருப்பவர் திருமதி கச்சி முகம்மதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"வேற ஆர் இந்த வீட்ட இரிக்கிற?" என்று அஸீமா உள்ளேயிருந்து கேட்டாள். "நான் உங்களுக்குத்தான் தேத்தண்ணி ஊத்திட்டு இரிக்கன்."

அது ஆதாரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"அம்மணி" என்று உபவேந்தர் திரையிடம் தொடங்கினார். "பதவி என்பது ஒரு சுமை. அதை நான் எவ்வளவு காலம் சுமக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னும் சுமக்கத் தயாராக இருக்கிறேன் என்பதையும் அறியவேண்டியவர்கள் அறியவேண்டும். உங்கள் கணவர் எவரைப் பெயர் குறித்தார்?"

ஸைனம்பு முன்கூட்டியே நினைத்து வைத்திருந்தது மூவரின் பெயரையும் சொல்லிவிடுவது என்றுதான். இன்னும் பல மாதம் இழுக்கலாம். ஆனால் திரையின் ஓரத்து இடைவெளியால் பிரஷாந்தி தெரிந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அந்தத் தோற்றத்தைப் பார்த்தபிறகு பொய் வாய்க்கு வரவில்லை.

"ஒருத்தரையும் சொல்லல்ல" என்றாள். "நான் சொன்னதெல்லாம் பொய். அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

பதிவாளர்தான் முதலில் தேறினார்.

"அப்படியானால், பதவி தொடர்பாகக் கடைசியாக அவர் சொன்ன வார்த்தை எது?"

"அண்டைக்குக் காலம துவாயத் தோள்ல போட்டுட்டு நிண்டார். 'இண்டைக்குக் கூட்டம் இல்லாட்டி, பின்னேரம் ரெண்டு பேரும் வாவிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் குந்திட்டு வருவம் புள்ள' எண்டார். கூட்டம் இரிந்த. அதுக்கு மறுகா குளிக்கப் போனார்."

"இதை ஓய்வுபெறும் விருப்பமாகக் கொள்ள இடமுண்டா?" என்று பதிவாளர் உபவேந்தரைக் கேட்டார். 'இல்லாட்டி' என்பது ஒரு நிபந்தனை, நிபந்தனையுடன் கூடிய விருப்பம் செல்லாது என்று ஸாஹிர் சொன்னார். கொஞ்ச நேரம் அதுபற்றி விவாதம் நடந்தது. திரைக்கு உள்ளே ஸைனம்பு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விவாதம் ஓய்ந்த இடத்தில் அவள் சொன்னாள். "நான் ஏன் பொய் சொன்ன எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. கந்தோர் போன்ல அவர்ர குரல் இரிக்கி. ஒவ்வொரு நாளும் பகல்ல நான் எடுத்துக் கேக்கிற. புது ஆள் வந்தா அத மாத்திருவீங்க எண்டதுக்காகத்தான். நீங்க ஆர வேணுமெண்டாலும் போடுங்க. அந்தக் குரல மட்டும் உட்டுருங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

இளையதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரஷாந்தி எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாள். உபவேந்தரும் அசைந்துபோனது உண்மை. அவரைப் போன்றவர்கள் அசைந்தால்தான் ஆபத்து.

"இன்று நான் ஒரு பீடாதிபதியைத் தேடி வந்தேன்" என்றார், எழுந்து நின்று. "ஒரு குரலைக் கண்டெடுத்தேன். இந்தக் குரலை அழியவிட்டால் வரலாறு என்னை மன்னிக்காது. என்னை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வரலாறு இப்படியான இடங்களில் உபவேந்தரின் பெயரைத்தான் குறித்துவைக்கும். அம்மணி, உங்கள் கணவரின் குரலை இந்தப் பல்கலைக்கழகம் என்றென்றைக்கும் பாதுகாக்கும். இது என் வாக்குறுதி."

ஸைனம்பு அதை நம்பினாள். எவ்வளவு பெரிய மனிதர், எழும்பி நின்று சொல்கிறார். "அஸீமா, வட்டிலப்பத்த வெட்டி எல்லாருக்கும் குடுகா" என்றாள். அன்று அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

குழுவின் அறிக்கை சில வாரங்களில் வந்தது. சாட்சி தன் வாயால் சொன்ன அனைத்தையும் தானே மீளப்பெற்றுவிட்டார், ஆனால் பேராசிரியர் இளையதம்பியின் முன்னிலையில் திரை தலையாட்டியதை இதுவரை எவரும் மீளப்பெறவில்லை, எனவே மறுக்கப்படாத ஒரே சாட்சியம் அதுதான் என்று குழு ஏகமனதாகக் கண்டறிந்தது. அடுத்த பீடாதிபதி இளையதம்பி என்றாயிற்று. கையளிப்பு வைபவத்தில் மறைந்தவரின் சார்பில் அவருடைய மனைவி சாவியைக் கொடுப்பார் என்று முடிவாயிற்று. அதற்காக இத்தா முடியும்வரை பொறுத்திருந்தார்கள். மார்க்கத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதையைப் பத்திரிகைகள் பாராட்டின.

வைபவத்துக்கு முந்திய நாள் பகலும் ஸைனம்பு அழைத்தாள். அவர் பேசினார், கேட்டார், அவள் பதில் சொன்னாள்.

மறுநாள் பல்கலைக்கழக வாகனம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வெயிலில் இறங்கிய ஸைனம்புவுக்குக் கண் கூசியது. மண்டபத்தில் முன்வரிசையில் இருத்தினார்கள். கிராஅத், தேவாரம், விளக்கு, உரைகள். பிறகு மேடையில் பட்டுத் துணி போர்த்திய ஒரு கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. உபவேந்தர் துணியை இழுத்தார். உள்ளே ஒரு ஒலி இறுவட்டு, அதன் கீழே கச்சி முகம்மதுவின் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் உபவேந்தரின் பெயர்.

"தொலைபேசி என்பது குரலுக்குப் பாதுகாப்பான இடமல்ல" என்றார் உபவேந்தர். "இன்று காலை அக்குரலை அங்கிருந்து மீட்டு, எமது நூலகச் சுவடிக்கூடத்தில் நிரந்தரமாக வைக்கிறோம். முன்கூட்டியே விண்ணப்பித்தால் எவரும் கேட்கலாம்."

மண்டபம் எழுந்து கைதட்டியது. ஸைனம்புவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மேடையில் குரலை ஒலிக்கவிட்டார்கள். பெரிய ஒலிபெருக்கிகளில், கண்ணாடிபோலத் துப்புரவாக அவர் குரல் வந்தது. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இப்போது உங்களுடன் பேச முடியாதிருக்கிறேன். தயவுசெய்து பிறகு அழையுங்கள்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஸைனம்பு காத்திருந்தாள். பதில் அவள் உதட்டில் வந்து நின்றது. கேள்விதான் வரவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற முனாஸிடம் எழும்பிப் போனாள். கணினிப் பிரிவில் வேலை செய்யும் ஆள் அவன்.

"தம்பி, மறுகா?"

"அவ்வளவுதான் மாமி."

"இல்ல, கடைசில இன்னம் இரிக்கி."

"ஓ, அதா. ஒரு இருமலும் ஏதோ வீட்டுக் கதையும் கிடந்த. சுவடிக்கூடத் தரத்துக்குச் சரிவராது எண்டு குழு சொன்னாங்க. வெட்டி எடுத்துத் துப்பரவாக்கிட்டம்." அவன் பெருமையோடுதான் சொன்னான், நல்ல வேலை செய்திருந்தான்.

"வெட்டினது எங்க தம்பி?"

"அத வெச்சிக்கிறல்ல மாமி. அழிச்சிட்டம்." அவள் முகத்தைப் பார்த்ததும் முனாஸ் கையிலிருந்த வயரைச் சுருட்டத் தொடங்கினான். "போன்லயும் இப்ப புது டீன்ட குரல்தான்" என்று மெதுவாகச் சொன்னான்.

அதற்குள் அவளை மேடைக்கு அழைத்தார்கள். வெள்ளித் தட்டில் சாவி. எதிரே மாலையோடு இளையதம்பி. அவள் வாசிக்கவேண்டியதை அறிவிப்பாளர் ஒரு தாளில் எழுதிக் கையில் தந்தார். ஸைனம்பு தாளைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு நாளும் இன்ஷிராட வாப்பா வேலைக்குப் போயிரிக்கார் எண்டுதான் நான் வீட்ட இருந்த" என்றாள். "பகல்ல எடுத்தா இஞ்ச இருந்து பேசுவார். இத்தா முடிஞ்சிட்டு எண்டு ஊர் சொல்லிச்சி. எனக்கு அவர் இண்டைக்குத்தான் மௌத்தானார். நீங்க எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினீங்களே, அந்த நேரம்."

பதிவாளர் உபவேந்தரின் காதுப் பக்கம் சாய்ந்தார். "சேர், இதை உத்தியோகபூர்வமாக விடைபெற்றதாக எடுத்துக்கொள்ளலாமா?" உபவேந்தர் ஆம் என்றார். யாரோ தட்டைச் சரித்துச் சாவியை இளையதம்பியின் கையில் போட்டார்கள். நன்றியுரை தொடங்கியது.

திரும்பிப் போகும் வாகனத்தில் றிஸ்லா கூட வந்தாள். வளாக வாசலைத் தாண்டும்வரை ஸைனம்பு நேராக இருந்தாள். வாவியோரத் தெருவில் ஏறியதும் அவளுக்கு அழுகை வெடித்தது. ஜனாஸா தூக்கிய அன்று வராத அழுகை. மகளைப் பெற்றபோதுகூட அவள் அப்படிச் சத்தம் போட்டதில்லை. றிஸ்லா கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

றிஸ்லாவின் கைத்தொலைபேசி அடித்தது. பதிவாளர் பேசினார். சாவி கைமாறிய கணத்தில் உபவேந்தர் குனிந்திருந்ததால் படம் சரியாக விழவில்லையாம். மாலைகூட இன்னும் கழற்றவில்லை, ஐந்து நிமிட வேலை, அம்மணியைத் திருப்பிக் கூட்டிவந்தால் மறைந்தவர் சார்பில் இன்னொருமுறை கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். றிஸ்லா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, சொல்லக் கூசிச் சொன்னாள்.

ஸைனம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

"ஆர்ர சார்பில புள்ள நான் குடுக்கிற?" என்றாள். "ஆள் இல்லியே."

றிஸ்லா பதிவாளரிடம் அதை அப்படியே சொல்லிவிட்டுத் தொலைபேசியை நிறுத்தினாள். சாரதி கண்ணாடியில் ஒருதரம் பார்த்தான், ஏறாவூர்ப் பக்கம் ஓட்டினான். வீடு வரும்வரை அவள் அழுகை ஓயவில்லை.